ஆலயத்துக் குரலும் வீட்டிலிருப்போர் செவியும்

மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வழிபாடு மட்டுமன்று. தாய்மொழியை இரண்டு மணி நேரம் இடையறாது கேட்கும் வாய்ப்பும் அதுவே. முதுமையாலும் நோயாலும் வீட்டைவிட்டு வர இயலாதவர்க்கு அவ்வாய்ப்பும் அற்றுப்போகிறது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, பல சபைகள் கைபேசியின் துணைகொண்டு ஆராதனையை இணையத்தின் வழியே அனுப்பத் தொடங்கின. பல இடங்களில் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. ஆனால் படம் போய்ச் சேரும் அளவிற்குப் பேச்சு போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆலயத்தில் பிரசங்கத்தைப் பதிவு செய்யும் பொறுப்பை நான் ஏற்றேன். கடைசி வரிசையில் கைபேசியை நிறுத்தினேன். படம் அழகாக விழுந்தது. வீட்டிற்கு வந்து கேட்டபோது, தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறிதான் பிரசங்கம் செய்தது. பிரசங்கியாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார் போலத் தோன்றினார். அதே இடத்தில் அமர்ந்திருந்த எனக்கு அன்று ஒரு சொல்லும் தவறவில்லை என்பதுதான் வியப்பு.

இதன் காரணம் எளிது. நம் இரு செவிகளும் மனமும் சேர்ந்து, வேண்டிய குரலைப் பற்றிக்கொண்டு வேண்டாததைத் தள்ளிவிடுகின்றன. ஒலிவாங்கிக்கு அந்த விவேகம் இல்லை. மேலும், பேசுபவரிடமிருந்து நேரே வரும் ஒலி, தூரம் இருமடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் எதிரொலியோ மண்டபம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிறைந்திருக்கிறது. ஆதலால் தொலைவில் வைத்த ஒலிவாங்கி குரலைவிட எதிரொலியையே மிகுதியாகப் பிடிக்கிறது.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவேயில்லை. அதனை ஆராயப் புகுந்த வாலஸ் சபின் என்னும் பௌதிக ஆசிரியர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து பார்த்தார். வெறும் மண்டபத்தில் ஓரொலி அடங்க ஏறத்தாழ 5½ விநாடி ஆயிற்று. மெத்தைகள் சேரச் சேர அந்நேரம் குறைந்தது. மனித உடலும் உடையும்கூட மெத்தையைப் போல் ஒலியை உறிஞ்சுபவையே. ஆகவே, சனிக்கிழமை மாலை ஆளில்லாத ஆலயத்தில் சோதித்து, "எதிரொலி அதிகம்" என்று மனம் தளரவேண்டா. மறுநாள் சபை நிறைந்ததும் நிலைமை சற்றே சீர்ப்படும். கதவுகளுக்குக் கனத்த திரையும் தரைக்கு விரிப்பும் மேலும் உதவும்.

எனினும், முதன்மையான மருந்து ஒலிவாங்கியை வாயருகே கொண்டுசெல்வதுதான். சட்டையில் செருகும் சிறிய மைக் ஆனால் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். பிரசங்க பீடத்து மைக் ஆனால் அதுவும் ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருத்தல் நன்று. "பிதா", "பரிசுத்தம்" என்று பகரத்தில் தொடங்கும் சொற்கள் ஆராதனையில் எத்தனை! அப்போது வாயிலிருந்து எழும் காற்று மைக்கில் மோதினால் குண்டு வெடித்தாற்போல் கேட்கும். பஞ்சுறை ஒன்று மாட்டினால் இது பெரிதும் தணியும். அருகிலுள்ள மின்விசிறி ஒன்றையாவது பிரசங்க வேளையில் நிறுத்த இயலுமாயின் நிறுத்துக. மே மாதத்துத் தில்லியில் இதனை வற்புறுத்த எனக்குத் துணிவில்லை.

ஆலயத்தில் ஒலிபெருக்கியும் மிக்சரும் இருந்தால், மிக்சரிலிருந்தே கம்பி வழியாகக் கைபேசிக்கு ஒலியைக் கொணரலாம். ஆனால் மிக்சர் தரும் ஒலி வலியது. கைபேசி எதிர்பார்ப்பதோ மெல்லியது. இடையே வலிமையைக் குறைக்கும் இணைப்புக் கருவி இல்லையேல் சொற்கள் கரகரத்து உடைந்துவிடும். உடைந்ததைப் பின்னர் ஒட்டவைக்க முடியாது. அளவைத் தாழ்ந்த ஜெபக் குரலைக் கொண்டு குறிக்காமல், எல்லோரும் எழுந்து நின்று பாடும் கீர்த்தனையைக் கொண்டு குறிக்கவேண்டும்.

பாடல் என்றதும் மற்றொன்று. மிக்சருக்குப் பாடகர் குழுவின் குரல் மட்டும் வருமாயின், வீட்டிலிருப்பவர் நாலு பேர் பாடுவதைத்தான் கேட்பார். சபையார் பாடுவது கேளாது. அவர் ஏங்குவதோ அந்தப் பெருங்குரலுக்கே. சபையை நோக்கி இன்னொரு மைக்கை வைத்து, பாட்டின்போது உயர்த்தி, பிரசங்கத்தின்போது தாழ்த்திவிடுக. இதற்கென ஒருவர் மிக்சரின் பக்கத்திலேயே அமர்ந்திருக்கவேண்டும்.

படம் எடுப்போர்க்கு ஒரு சொல். 1921ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரத்து ஆலயம் ஒன்றிலிருந்து முதன்முதலாக ஆராதனை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அன்று கருவிகளை இயக்கிய பொறியாளர்கள் சபையாரின் கவனம் சிதறாதபடி பாடகர் குழுவின் அங்கியை அணிந்திருந்தார்களாம். இன்று நற்கருணை வேளையில் பீடத்திற்கு முன்னே நடமாடும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இணையத்தில் ஏற்றுமுன் இரண்டைக் கவனிக்கவேண்டும். மெய்யான சமயச் சடங்கின்போது பாடுவதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. அதனைப் பதிவு செய்து பின்னர் பரப்புவது வேறு செய்தி. வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகளை யாரும் பாடலாம். ஆனால் அவற்றையே இக்காலத்தார் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவை எடுத்துச் சேர்த்தால் உரிமை கோரப்படும். அடுத்தது, நோயாளிகளுக்கான ஜெபம். இன்னாருக்கு இன்ன நோய் என்று சபைக்குள் சொல்வது அன்பின் செயல். உலகமெங்கும் பரவும் பதிவில் அது நிலைத்து நிற்பதை அந்நோயாளி விரும்பமாட்டார். அப்பகுதியில் ஒலியை நிறுத்திவிடுக.

முடிவில், பதிவைச் சோதிக்கும்போது காதில் விலையுயர்ந்த கருவியை மாட்டிக்கொண்டு கேட்கவேண்டா. வீட்டிலுள்ள பாட்டியின் பழைய கைபேசியில், அடுக்களையில் குழாய்த் தண்ணீர் ஓடும்போது கேட்டுப் பாருங்கள். வேதபாடத்தின் அதிகாரமும் வசனமும் அவருக்கு விளங்கினவா என்று கேளுங்கள். விளங்கவில்லை என்றால், அடுத்த ஞாயிறு மைக்கை இன்னும் நாலு விரல் அருகே நகர்த்தலாம்.