பிடிபட்டது வண்டி, ஓட்டியவர் யார்?

குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவரை நிரபராதியாகவே கருத வேண்டும் என்பதும், மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே உரியது என்பதும் குற்றவியல் நீதியின் அடிப்படை. வேகக் கேமராவின் பதிவைக் கொண்டு அனுப்பப்படும் மின்னணு அபராதச் சீட்டான இ-செலானோ, ஓட்டியவரை விட்டுவிட்டு, நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பதிவுச் சான்றில் உள்ள உரிமையாளரைத் தேடி வருகிறது.

வேலூர்–திருவண்ணாமலைச் சாலையிலுள்ள சந்தவாசல் போன்ற நெசவு ஊர்களில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. தந்தை பெயரிலுள்ள ஒரே பைக்கில் காலையில் மகன் ஆரணிக்குப் பாவு வாங்கச் செல்வதும், மாலையில் மருமகன் தறியிலிருந்து அறுத்த சேலையை முதலாளியிடம் சேர்ப்பதும் இயல்பாக இருக்க, தறியை விட்டு எழாத தந்தையின் கைப்பேசிக்கே அபராதச் செய்தி வந்து சேரும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் காவல்துறை கேட்டால் தெரிவிக்கும் கடமையை உரிமையாளருக்கு விதிக்கிறது. அவரே ஓட்டியிருந்தால், தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகுமாறு குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசமைப்பின் 20(3) உறுப்புடன் இக்கடமை உரசக்கூடும். பிரிட்டனில் எழுந்த இதே கேள்வியை ஓ'ஹாலரன், பிரான்சிஸ் ஆகியோரின் வழக்கில் 2007இல் ஆராய்ந்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வண்டி வைத்திருப்பவர் அதற்குரிய ஒழுங்குகளையும் ஏற்றவரே எனக் கூறி, 15 நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, உரிமை மீறல் இல்லை எனத் தீர்த்தது. ஏற்கத்தக்க முடிவுதான்; ஆயினும் ஓட்டியவர் யாரெனக் கேட்பது வேறு, உரிமையாளரே ஓட்டினார் என முடிவுகட்டுவது வேறு.

கருவியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167அ விதிப்படி, கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். கண்காணிப்பை அறிவிக்கும் பலகை கண்ணில் படும்படி நிற்க வேண்டும். 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அதனுடன் படமும், அளவிட்ட வேகமும், மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்கான சான்றும் இணைக்கப்பட வேண்டும். கோவை எலும்பியல் மருத்துவர் ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், இவ்விதியைச் செயல்படுத்துமாறு 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களை அறிவுறுத்தியது.

எனினும், ஆயிரம் ரூபாய் அபராதத்தை எதிர்க்க ஒரு நாள் தறி வேலையை விட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டுமெனில், செய்யாத குற்றத்துக்கும் பணம் கட்டிவிடுவதே பலருக்கு மலிவான வழியாகத் தோன்றும். அபராதச் செய்தி பெற்றவர்கள் கட்டும் முன் தேதியையும் இடத்தையும் படத்தையும் சரிபார்ப்பதும், ஓட்டியவர் வேறு ஒருவராயின் அதை எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது.