பாடநூலை முந்தும் குழந்தை

நமது ஆரம்பக் கல்வித் திட்டங்கள் பெரும்பாலும் வாசிப்பில் பின்தங்கிய மாணாக்கரைக் கருத்திற்கொண்டே வகுக்கப்பட்டவை. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பெற்ற 'நிபுண் பாரத்' இயக்கம், மூன்றாம் வகுப்பை முடிக்கும் குழந்தை நிமிடத்திற்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து படித்தல் வேண்டும் என இலக்கு வகுத்தது. இந்த அக்கறை முற்றிலும் நியாயமானதே.

எனினும், முதல் வகுப்பிலேயே சரளமாகப் படித்துவிடும் குழந்தையும் உண்டு. 'இலக்கை எட்டியவர்' என்று குறித்தவுடன் அதைப் பற்றிய நிர்வாகத்தின் கவலை தீர்ந்துவிடுகின்றது. பிறர் எழுத்துக்கூட்டும் நேரமெல்லாம் அக்குழந்தை வாளா அமர்ந்திருக்கும். அல்லது குறும்பு செய்து தண்டனை பெறும். வீட்டில் நூல்கள் உள்ள குழந்தைக்கு இதனால் பெருநட்டமில்லை. பெற்றோர் எழுத்தறியாத இல்லத்திலோ பாடநூலைத் தவிர வேறு நூல் இராது; அதன் கடைசிப் பக்கத்துடன் குழந்தையின் வாசிப்பும் நின்றுவிடும்.

இதற்கு மேல்வகுப்பில் அமர்த்துவது பரிகாரமாகாது. ஏழு வயதில் நன்கு படிக்கும் குழந்தைக்கு எழுதும் கைவேகமும் கணக்கறிவும் அதே அளவில் வளர்ந்திருக்க வேண்டுமென்பதில்லை. வகுப்பிலேயே கூடுதல் நூல்களும் வழிகாட்டுதலும் அளிக்குமாறு 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுவது பொருத்தமானது.

முதலில் செய்யத்தக்கது, குழந்தை உண்மையில் பொருளுணர்ந்து படிக்கின்றதா என அறிதல். பழக்கமான பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தையும் சரளமாகப் படிப்பதுபோலவே தோன்றும். எனவே, அது முன்னர் பாராத கதையொன்றைக் கொடுத்து, நூலை மூடியபின் சொந்தச் சொற்களில் சொல்லச் செய்தல் வேண்டும். தடையின்றிச் சொல்லுமாயின் அடுத்த நிலை நூலை அளிக்கலாம். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகம் முதலிரு வகுப்பினருக்காக இந்தியில் வெளியிட்ட 'பர்கா' வரிசையின் 40 கதை நூல்கள் நான்கு படிநிலைகளில் அமைந்திருப்பது இத்தேவையை ஒட்டியே. மூத்தோருக்கான கதைகளைவிட விலங்கு, வானம், எந்திரம் பற்றிய தகவல் நூல்கள் இவ்வயதினருக்கு ஏற்றவை. அவற்றில் மொழி உயர்ந்தாலும் பொருள் வயதுக்கு மீறாது.

நூல்களுக்கு எங்கே போவது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், கதை நூல்களும் அடங்கிய நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் இருத்தல் வேண்டும் என அட்டவணையிலேயே விதித்துள்ளது. 2018-இல் தொடங்கிய 'சமக்ர சிக்ஷா' திட்டம் தொடக்கப் பள்ளி நூலகங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை மானியத்திற்கு வகை செய்தது. பல பள்ளிகளில் நூல்கள் உள்ளன. ஆனால் பூட்டிய அலமாரியில் உள்ளன. ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு நூல் குறைந்தால் தணிக்கையில் விடையளிக்க வேண்டியவர் அவரே. ஏற்கெனவே வாங்கிய நூலை ஒரு குழந்தை வீட்டிற்கு எடுத்துச் செல்வதால் அரசுக்கு ஏற்படும் கூடுதல் செலவு ஏறத்தாழ ஏதுமில்லை. ஆசிரியருக்கோ அது சொந்தப் பொறுப்பாகின்றது. கிழிந்தனவும் தொலைந்தனவுமான நூல்களில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தள்ளுபடி செய்யத் தலைமையாசிரியருக்கே அதிகாரம் அளித்தாலன்றி அப்பூட்டு திறக்கப்படாது.