தோமாவுக்கு நிச்சயித்த பெண்

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி சோஸன்’ தொடரின் நான்காவது சீசனைப் பார்த்தவர்களால் அந்தக் காட்சியை மறக்க முடியாது. இயேசுவின் சீடர் தோமாவுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், ரோம அதிகாரி ஒருவனின் வாளுக்குப் பலியாகிறாள். இயேசு பக்கத்திலேயே இருக்கிறார். அவளை எப்படியாவது திருப்பித் தரும்படி தோமா கதறுகிறார். இயேசு எழுப்பவில்லை. அதே சீசனின் கடைசியில், தோமாவின் கண்ணெதிரேயே, இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு கல்லறையை விட்டு வெளியே வருகிறார்.

நான்கு சுவிசேஷங்களிலும் தேடினாலும் அந்தப் பெண் கிடைக்க மாட்டாள். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் தோமாவைச் சீடர்கள் பட்டியலில் ஒரு பெயராகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அவரைப் பேச வைப்பவர் யோவான் மட்டும்தான். அதுவும் சில வசனங்களே. ஏழு சீசன் எடுக்கத் திட்டமிட்டவர்கள் மிச்சத்தைக் கற்பனையால்தான் நிரப்ப வேண்டும். முதல் எபிசோடின் தொடக்கத்திலேயே இதைத் திரையில் எழுதிக் காட்டி, சுவிசேஷங்களைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

கற்பனை சேர்ப்பதே தவறு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்ததை மாற்கு முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறார். மாமியார் இருந்தால் மனைவியும் உண்டு. தொடர் அந்த மனைவிக்கு ஏதேன் என்று பெயர் வைத்து, வீடும் கண்ணீரும் கோபமும் கொடுக்கிறது. அதனால் எந்த வசனத்துக்கும் சேதமில்லை. தோமா இந்தியாவுக்கு வந்தார் என்பதும் வேதத்தில் இல்லையே! சென்னையில் தோமையார் மலை ஏறுகிறவர்கள் அதை மரபு என்று அறிந்தே போற்றுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். சேர்த்த காட்சிக்குப் பிறகும் வசனம் தன் பழைய பொருளோடு நிற்கிறதா?

நிச்சயித்த பெண் விஷயத்தில் நிற்கவில்லை. லாசரு எழுப்பப்படும் யோவான் 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யூதேயாவில் இயேசுவைக் கல்லெறிந்து கொல்லப் பார்த்தார்கள். மறுபடி அங்கேயே போவதா என்று சீடர்கள் தயங்குகிறார்கள். அப்போதுதான் தோமா, அவரோடு சாக நாமும் போவோம் என்கிற பொருளில் பேசுகிறார். ஆபத்து தெரிந்தே கூடப்போகத் துணிந்தவரின் பேச்சு அது. மணக்க இருந்தவளைப் பறிகொடுத்தவர் அதையே சொன்னால், வாழ்க்கை வெறுத்துப்போனவரின் புலம்பலாகக் காதில் விழும். உயிர்த்தெழுதலுக்குப் பிறகு, காயங்களைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவர் அடம்பிடிக்கும் இடத்திலும் பழைய மனத்தாங்கல் வந்து ஒட்டிக்கொள்ளும். யோவான் அதற்கு இடமே வைக்கவில்லை.

இதைவிட என்னை அதிகம் உறுத்தியது மூன்றாவது சீசனில் வரும் நாசரேத்து ஜெபஆலயக் காட்சி. இயேசு ஏசாயாவின் சுருளை வாசிப்பதும், ஊரார் அவரை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போவதும் லூக்கா 4-இல் உள்ளவை. நடுவில், தாமே மோசேயின் நியாயப்பிரமாணம் என்று இயேசு அறிவிப்பது லூக்காவில் இல்லை. 2022-இல் இதன் முன்னோட்டம் வெளியானதும், மார்மன் சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தில் உள்ள வாசகம் போல இருக்கிறதே என்று பலர் கொதித்தார்கள். தொடரை உருவாக்கிய டல்லாஸ் ஜென்கின்ஸ் மறுத்தார். அவர் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. நியாயப்பிரமாணத்தை நிறைவேற்ற வந்ததாக இயேசு சொல்வதை மத்தேயு 5-இல் வாசிக்கிறோம். தாமே நியாயப்பிரமாணம் என்பது அதைத் தாண்டிய உரிமைகோரல். வார்த்தை மாம்சமானார் என்ற உபதேசத்திலிருந்து அதுவரை வந்து சேரலாம் என்று ஒரு போதகர் பிரசங்கிக்கட்டும், கேட்கிறவர்கள் நிதானித்துப் பார்ப்பார்கள். இயேசுவின் வாயிலிருந்தே வந்தால் யார் நிதானிப்பார்கள்?

இது இந்தக் காலத்துப் பிரச்சினை மட்டுமல்ல. 1977-இல் ஃபிராங்கோ செஃபிரெல்லி எடுத்த ‘ஜீசஸ் ஆஃப் நாசரேத்’ தொடரில் இன்றைக்கும் பலர் மனதில் நிற்பது இயேசுவாக நடித்த ராபர்ட் பவலின் முகம். அதில் சேரா என்ற வேதபாரகர் வருகிறார். முழுக்கக் கற்பனைப் பாத்திரம். இயேசுவுக்கு நன்மை செய்வதாக நம்பும் யூதாஸை அவர் ஏமாற்றிக் காட்டிக்கொடுக்க வைக்கிறார். மத்தேயு 26-இல் யூதாஸ் தானே பிரதான ஆசாரியரிடம் போய், எனக்கு என்ன தருவீர்கள் என்று பேரம் பேசுகிறான். அங்கே அவன் ஏமாந்தவனாகத் தெரியவில்லை. யூதாஸின் மனதைப் புரியவைக்க வந்த பாத்திரம் அவன் பாவத்தில் பாதியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது.

‘தி சோஸன்’ தமிழிலும் பேசுகிறது. சபையிலோ ஞாயிறு பள்ளியிலோ இதைப் போட்டுக் காட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காட்சி முடிந்த பிறகு வேதத்தைத் திறந்து ஒப்பிடுவதுதான் பொதுவாகச் சொல்லப்படும் யோசனை. அதற்குள் நடிகரின் குரலும் அழுகையும் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும். வசனத்தையும் அந்தக் குரலிலேயே வாசிப்பார்கள். லாசருவின் எபிசோடைக் காட்டுவதாக இருந்தால், யோவான் 11-ஐ முந்தின வாரமே முழுதாக வாசித்துவிடுங்கள். தோமா ஏன் அப்படிச் சொன்னார் என்று பிள்ளைகளையே கேளுங்கள். அவர்கள் பதில் சொன்ன பிறகு திரையைப் போடுங்கள்.