பள்ளிப் பிள்ளைகளும் பழைய உழவுக் கருவிகளும்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் தாலூகாக்களில் வளரும் பிள்ளைகள் பனியன் தைக்கும் இயந்திரத்தின் ஓசையை அறிவார்கள். ஆயினும் அப்பனியனுக்கு மூலமாகிய பருத்தியின் கொட்டை எவ்வாறு நீக்கப்படுகிறது, பஞ்சு எவ்வாறு நூலாகிறது என்று வினவினால் விடை கூற இயலாதவர் பலர். கவலை இறைத்த கிணறுகளில் இப்பொழுது மின்சார பம்பு ஓடுகிறது. சாலும் வடமும் மாட்டுத் தொழுவத்தின் மூலையில் கிடந்து, பின்னர்ப் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அவற்றைக் கையாண்ட முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இவ்வறிவைப் பிள்ளைகளுக்கு எட்டச் செய்யும் வழியொன்று பிற இடங்களில் கையாளப்பட்டு வருகிறது.

ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹாசீலியஸ் என்பவர் 1891-ஆம் ஆண்டில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சிச்சாலையை நிறுவினார். பல ஜில்லாக்களினின்றும் குடியானவர் வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் எழுப்பினார். நம் நாட்டில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இவ்வகையைச் சேர்ந்தது. டெபோரா தியாகராஜன் அம்மையார் 1984-இல் தோற்றுவித்த மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் இதனை நடத்துகிறது. செட்டிநாட்டு வணிகர் வீடு, தஞ்சைக் குடியானவர் வீடு, காஞ்சி நெசவாளர் வீடு முதலியவற்றை அங்குக் காணலாம். பள்ளிப் பிள்ளைகள் வீடுகளைச் சுற்றிப் பார்ப்பதோடு நில்லாமல், களிமண்ணைத் தம் கையாலேயே வனைந்து பழகுகின்றனர். கண்டது மறப்பினும் கை செய்தது மறவாது என்பதே இம்முறையின் கருத்து.

முட்டுக்காடு கொங்கு நாட்டுப் பள்ளிகளுக்கு நெடுந்தூரம். ஆகையால் நம் கிராமங்களிலேயே இம்முறையைச் சிறிய அளவில் கைக்கொள்ளலாம். அதற்கு இரண்டு பாடங்களை இங்குக் கூறுவோம்.

முதலாவது, பருத்திப் பாடம். தை, மாசி மாதங்களில் பருத்தி எடுக்கும் காட்டிற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, மூன்று கிலோ பருத்தி எடுக்கச் செய்க. அதைக் கைமணையில் அரைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ பஞ்சும் இரண்டு கிலோ கொட்டையும் கிடைக்கும். இதனை அவர்களே நிறுத்துப் பார்க்கட்டும். கொட்டை மாட்டிற்குத் தீவனமாவதையும் அப்பொழுதே காட்டலாம். பிறகு பஞ்சை இராட்டையில் நூற்கக் கற்பித்து, பாவும் ஊடையும் குறுக்கிட்டுத் துணியாவதையும், ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டுப் பனியன் துணியாவதையும் அருகருகே காட்டுக. பனியன் துணி இழுத்தால் நீள்வதன் காரணம் தானே விளங்கும்.

இரண்டாவது, நீர்ப் பாடம். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கச் சால் மேலே வருவதையும், தோல் தும்பியின் வழியே நீர் வாய்க்காலில் வீழ்வதையும் முதியவர் ஒருவர் விளக்குக. பின்னர்ப் பழைய வடத்தின் நீளத்தைப் பிள்ளைகள் அளந்து, ஊரிலுள்ள ஆழ்குழாய்க் கிணற்றின் ஆழத்தோடு ஒப்பிடட்டும். நிலத்தடி நீர் எவ்வளவு கீழிறங்கியது என்பதை எந்தப் புத்தகமும் இத்துணைத் தெளிவாக உணர்த்தாது. இன்று அளக்கும் சிறுவனே நாளை அந்நிலத்திற்கு உரியவன் என்பதை நாம் மறக்கலாகாது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. நிலமுடையோர் கவலைச் சாமான், ஏர், மணை, இராட்டை ஆகியவற்றை விற்காது பள்ளிக்கு இரவலாகத் தரலாம். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் பயன்படாதிருக்கும் பொதுக் கட்டிடமொன்றை இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு கருவியின் பெயரும், உறுப்புக்களின் பெயர்களும், அதைப் பயன்படுத்திய காலமும் சீட்டில் எழுதப்படவேண்டும். பெயர் மறைந்தால் கருவி வெறும் விறகாகிவிடும். கிணற்றருகே வேலி அமைத்தலும், அரிவாள் முதலிய கூரிய கருவிகளைப் பெரியோர் கையிலேயே வைத்தலும் இன்றியமையாதன.

முதலில் ஊரிலுள்ள முதியோரையும் அவரவர் அறிந்த தொழிலையும் ஆசிரியர்கள் பட்டியலிடுக. கருவி இன்னும் சில காலம் காத்திருக்கும், கற்பிப்போர் காத்திரார்.