ஜன்னல் விளக்கு

கார்த்திகை தீபத்தன்று அகலில் எண்ணெய் வார்த்துத் திரியிட்டு வாசலில் வைக்கும்போது, உலகத்தின் வேறொரு மூலையில் வேறு ஜனங்களும் ஏறக்குறைய அதே நாட்களில் அதே காரியத்தைச் செய்து கொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பிரெஞ்சு தேசத்திலுள்ள லியோன் நகருக்குப் போகும்படி நேர்ந்த பிறகே அதை அறிந்தேன்.

அந்நகரத்துச் சர்வகலாசாலையில் என் தம்பி ஆராய்ச்சி செய்து வந்தான். "அக்கா, வருவதானால் டிசம்பர் எட்டாந் தேதிக்கு முன்பே வந்து சேர். குழந்தையையும் அழைத்து வா. இந்த ஊர்த் தீபத் திருநாளைப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தான். "டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டேன். பள்ளிக்கூட உபாத்தியாயினிக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதானே! "ஒரு காசு கிடையாது. நடக்கக் கால் இருந்தால் போதும், கம்பளிச் சட்டையை மட்டும் மறந்துவிடாதே" என்று பதில் வந்தது.

லியோன், ரோன், ஸோன் என்னும் இரண்டு நதிகள் கூடுமிடத்தில் அமைந்த பழைய நகரம். பட்டு நெசவுக்குப் பேர் போனது. மின்சார சாஸ்திரத்துக்கு அடிகோலியவர்களில் ஒருவரான ஆம்பியர் 1775-இல் பிறந்தது இங்கேதான். 1895-இல் தங்கள் தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியே வருவதைப் படம் பிடித்து, சினிமாவைத் தொடங்கி வைத்த லூமியேர் சகோதரர்கள் வாழ்ந்ததும் இந்த ஊரில்தான். 'லூமியேர்' என்ற சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் 'ஒளி' என்பது பொருள். ஆகவே ஒளித் திருவிழா நடத்த இவ்வூருக்குச் சகல பாத்தியதையும் உண்டு என்று சொல்லலாம்.

ஆனால் திருவிழா பிறந்தது மின்சாரத்தினால் அல்ல, மெழுகுவத்தியினால். ஸோன் நதியின் மேல்கரையில் பூர்வியேர் என்ற குன்று ஒன்று இருக்கிறது. 1643-இல் பிளேக் நோய்க்கு அஞ்சிய நகரத்தார், தங்களைக் காக்கும்படி கன்னி மரியிடம் வேண்டிக்கொண்டு, வருஷந்தோறும் அக்குன்றின் மேலுள்ள கோயிலுக்குக் காணிக்கை செலுத்துவதாகப் பிரதிக்ஞை செய்தார்கள். இருநூறு வருஷங்களுக்குப் பின், 1852-இல், அக்கோயிலின் கோபுரத்தில் மரியின் பொன் முலாம் பூசிய சிலை ஒன்றை நிறுத்த ஏற்பாடாயிற்று. ஃபாபிஷ் என்ற சிற்பி அதைச் செய்தார். செப்டம்பர் 8-ஆம் தேதி விழா என்று குறித்திருக்க, ஸோன் நதியில் வெள்ளம் வந்து சிலை வேலை தடைப்பட்டது. விழாவை டிசம்பர் 8-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். அன்றைக்கோ புயலும் மழையும்! வாண வேடிக்கையும் வாத்திய கோஷ்டிகளும் வீணாகும் என்று கண்ட அதிகாரிகள் மறுபடியும் ஒத்திப் போட எண்ணினார்கள். சாயங்காலம் வானம் வெளுத்தது. யாரும் கட்டளையிடவில்லை. ஆயினும் வீட்டுக்கு வீடு ஜன்னல்களில் மெழுகுவத்திகள் தோன்றின. ஊர் முழுவதும் தெருவில் இறங்கிக் கொண்டாடிற்று. அன்று முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 8-ஆம் தேதி இரவு லியோன் மக்கள் ஜன்னலில் விளக்கு வைப்பது வழக்கமாயிற்று. கோடு கோடாக வரி ஓடிய சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் குட்டையான மெழுகுவத்தி. அதற்கு 'லூமினியோன்' என்று பெயர். நம் அகலுக்குத் தங்கை என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

1999 முதல் இது ஒரு நாள் விழாவாக நிற்காமல் பல நாள் உத்ஸவமாகிவிட்டது. இப்போது பெரும்பாலும் நான்கு இரவுகள். செலவை நகரசபையும் வியாபார ஸ்தாபனங்களும் பகிர்ந்து கொள்கின்றன. சுமார் இருபது லட்சம் பேர் வந்து பார்க்கிறார்கள்.

நாங்கள் போன அன்று எலும்பைத் துளைக்கும் குளிர். புடவையின் மேல் தம்பியின் பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு நான் நடந்த கோலத்தைப் பார்த்து என் பத்து வயதுப் பெண் சிரித்த சிரிப்பிலேயே பாதிக் குளிர் ஓடிவிட்டது. பாலத்தருகில் காவலர்கள் பைகளைச் சோதித்து உள்ளே விட்டார்கள். முதலில் தெர்ரோ சதுக்கம். சுதந்திர தேவியின் சிலையைச் செய்த அதே பார்த்தோல்டி அமைத்த நீரூற்று, பாயும் நான்கு குதிரைகளுடன் அங்கே நிற்கிறது. சுற்றிலும் நகர மண்டபமும் சித்திரசாலையும். திடீரென்று விளக்குகள் அணைந்தன, சங்கீதம் எழுந்தது. கல் தூண்கள் கொடி போல் வளைந்தன. சுவர் இடிந்து விழுந்து மறுபடி எழுந்தது. ஜன்னல்களிலிருந்து பறவைகள் புறப்பட்டன. கண்கட்டு வித்தை ஒன்றுமில்லை. கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, தூணுக்குத் தூண், ஜன்னலுக்கு ஜன்னல் பொருந்தும்படி படம் எழுதி, பல யந்திரங்களிலிருந்து ஒரே சமயத்தில் பாய்ச்சுகிறார்கள். அவ்வளவுதான். ஆனால் கோமானும் கூலிக்காரனும் ஒரே குளிரில், ஒரே கல்தரையில், காசில்லாமல் நின்று அதைப் பார்க்கிறார்களே, அது என் மனத்தைத் தொட்டது.

அடுத்தபடியாக ஸோன் நதியைத் தாண்டி, புனித ஜான் தேவாலயத்துக்குப் போனோம். அங்கே கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. காட்சி முடிந்து ஜனங்கள் கலைந்தபோது, ஒரு நெருக்கலில் என் கையிலிருந்த சிறு கை நழுவிற்று.

திரும்பிப் பார்த்தேன், குழந்தையைக் காணோம். பின்னால் ஓட முயன்றால், ஒரே திசையில்தான் நடக்க வேண்டுமென்று காவலர் தடுத்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு என் முகம் புரிந்திருக்க வேண்டும், தம்பியை மட்டும் பின்னால் போக அனுமதித்தார். எதிரே அடுத்த காட்சி தொடங்கிற்று. சுவரெல்லாம் சிவந்தும் நீலமாகியும் மாறிற்று. அந்த நிறங்களில் எல்லாக் குழந்தைகளின் முகமும் ஒன்று போலவே தெரிந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் ஒரு குழந்தையைத் தேட முடியவில்லையே என்று என் நெஞ்சு அடித்துக் கொண்டது.

கால் மணி கழித்துத் தம்பி அழைத்தான். அவன் சொன்ன வழியே ஒரு குறுகிய சந்தில் சென்றேன். பழைய வீடு ஒன்றின் கீழ் ஜன்னலில் ஏழு லூமினியோன்கள் எரிந்தன. அதனடியில் என் பெண், ஒரு கிழவியின் சால்வைக்குள் நின்று கொண்டிருந்தாள்.

"வழி தவறினால் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது என்று மாமா சொன்னார். மற்ற வெளிச்சமெல்லாம் அணைந்து அணைந்து எரிகிறது, அம்மா. இது ஒன்றுதான் அணையவில்லை. அதனால் இங்கேயே நின்றேன்" என்றாள்.

கிழவி எங்களை உள்ளே அழைத்துச் சூடான பால் கொடுத்தாள். தம்பி மொழிபெயர்க்கப் பேசிக் கொண்டிருந்தோம். அவள் சிறுமியாயிருந்தபோது அந்தச் சந்தில் விளக்கு இல்லாத ஜன்னலே இராதாம். இப்போது பல வீடுகள் பிரயாணிகளுக்கு வாடகைக்குப் போய்விட்டன. மிச்சமுள்ளவர்களிலும் சிலர் கூட்டத்துக்குப் பயந்து அந்த நாட்களில் வெளியூர் போய்விடுகிறார்கள். "உலகமெல்லாம் எங்கள் ஊர் விளக்கைப் பார்க்க வருகிறது, விளக்கு வைக்கத்தான் ஆள் குறைகிறது" என்றாள்.

தம்பி அவளுக்கு மறுமொழி சொன்னான்: பெரிய காட்சிகள் இல்லாவிட்டால் இத்தனை பேர் வருவார்களா? கலைஞர்களுக்கு வேலைதான் ஏது? அதுவும் நியாயமே. கிழவி மறுக்கவில்லை. 2015-ஆம் வருஷத்தை மட்டும் நினைவூட்டினாள். அவ்வருஷம் நவம்பர் 13-ஆம் தேதி பாரிஸில் நடந்த கொடுஞ்செயல்களில் 130 பேர் மாண்டனர். லியோனில் உத்ஸவத்தை நிறுத்திவிட்டார்கள். ஜன்னலில் விளக்கு மட்டும் வையுங்கள் என்று நகரசபை கேட்டுக் கொண்டது. இறந்தவர்களின் பெயர்கள் ஸோன் நதிக்கரைச் சுவர்களில் ஒளியால் எழுதப்பட்டன. பிறகு 2020-இல் கொரோனா நோய் வந்தபோதும் காட்சிகள் நின்றன. ஜன்னல் விளக்கு நிற்கவில்லை. "அந்த இரண்டு வருஷமும் இந்தச் சந்து என் சிறு வயதில் இருந்தது போல இருந்தது" என்றாள். அவள் குரலில் இருந்தது துக்கமா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் கார்த்திகை தீபம். ஊரிலிருந்து கொண்டுபோன நான்கு அகல்களைத் தம்பி வீட்டு ஜன்னலில் ஏற்றியிருந்தோம். இதைக் கேட்டதும் கிழவி மெல்ல எழுந்து, காலியான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைத் துடைத்து என் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

ஊர் திரும்பி அடுத்த கார்த்திகை வந்தது. எங்கள் அடுக்கு மாடிக் கட்டடத்தில் மாடமும் இல்லை, திண்ணையும் இல்லை. சங்கத்தார் வாசலில் மின்சாரச் சரவிளக்குப் போட்டுவிடுவதால், எண்ணெய்க் கறை எதற்கென்று பல வீடுகளில் அகலை எடுத்து வைத்துவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால், நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். அன்று என் பெண் ஜன்னல் விளிம்பில் அகல்களை வரிசையாக வைத்து, நடுவில் அந்த லியோன் கிண்ணத்தை ஏற்றினாள்.

சிறிது நேரத்தில் எதிர்வீட்டுச் சிறுவன் வந்து கதவைத் தட்டினான். "மாமி, உங்களிடம் அகல் மிச்சம் இருக்கிறதா? அம்மா கேட்கச் சொன்னாள்" என்றான். இரண்டு கொடுத்தனுப்பினேன். திரிக்குப் பஞ்சும் கொடுத்தேன்.