நோயுற்ற கோழிக்குஞ்சும் வீட்டிலுள்ள பிள்ளைகளும்

கோழிக்குஞ்சு வீட்டுக்கு வரும் வழிகள் பல. சிலர் முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் கம்பத்துக் கோழி வளர்க்கிறார்கள். சிலர் இரவுச் சந்தையில் பிள்ளை அடம்பிடித்ததால் பச்சை, ஊதா சாயம் பூசிய குஞ்சு ஒன்றை வாங்கி வருகிறார்கள். எப்படி வந்தாலும், சில நாட்களில் அது இறக்கை தொங்க ஓர் மூலையில் நிற்கும்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். குஞ்சைத் துணியில் சுற்றி அடுப்படிக்குக் கொண்டு வருகிறார்கள். பிள்ளை அதை மடியில் வைத்துக்கொள்கிறது.

இரக்கம் நல்லதுதான். ஆனால் அடுப்படியும் பிள்ளையின் மடியும் நோயுற்ற குஞ்சுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. குஞ்சுக்கு என்ன செய்யலாம், குடும்பத்தினர் எப்படிப் பாதுகாப்பாக இருக்கலாம் என்ற இரண்டையும் இங்கே சேர்த்தே விளக்குகிறோம்.

முதலில் சூடு

குஞ்சு "தூங்கி விழுகிறது" என்று நாம் சொல்கிறோம். அந்தச் சொல்லே பலரை ஏமாற்றிவிடுகிறது. ஆரோக்கியமான குஞ்சும் அடிக்கடி தூங்கும். ஆனால் பக்கத்தில் தட்டினால் உடனே கண் திறந்து எழுந்து நடக்கும். தட்டியும் எழாமல், கண் மூடி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, மற்றக் குஞ்சுகளை விட்டுத் தனியே நிற்பதுதான் நோயின் அறிகுறி.

அப்படிப்பட்ட குஞ்சை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, தனிப் பெட்டியில் வையுங்கள். மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் சூட்டைக் கவனியுங்கள். பஞ்சு போன்ற மென்மயிர் உதிர்ந்து இறகு முளைக்கும் வரை குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பம் தேவை. அதன்பின் வாரத்துக்கு ஏறக்குறைய 3 பாகை குறைத்துக்கொண்டே வரலாம். ஐந்து அல்லது ஆறு வாரத்தில் இறகு முழுமையாகிவிடும்.

நம் நாட்டில் நல்ல வெயில் நாளின் பகல்நேரத்தில் விளக்கே தேவைப்படாமல் போகலாம். ஆபத்து இரவிலும், மழை பெய்து காற்று குளிரும் நேரத்திலும்தான். பழைய வகை இழை பல்ப் ஒன்றைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கவிடுங்கள். எல்இடி விளக்கு வெளிச்சம் தரும், போதிய சூடு தராது. வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குஞ்சே சொல்லிவிடும். விளக்கின் அடியில் ஒண்டிக்கொண்டு கீச்சிட்டால் குளிர்கிறது. விலகி ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பல்ப் அட்டையையோ துணியையோ தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டி தீப்பிடிக்கக்கூடியது.

பெட்டியின் தரையில் வெறும் செய்தித்தாள் மட்டும் விரிக்க வேண்டாம். வழுக்கும் தரையில் குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து, நிற்க முடியாமல் போய்விடும். சொரசொரப்பான துணி, உமி, மரத்தூள் ஆகியவற்றில் ஒன்று போதும். நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

தண்ணீர், தீனி, பின்பக்கம்

முட்டையின் மஞ்சள் கரு பொரிக்கும் தறுவாயில் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. ஆகவே புதிதாகப் பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாட்கள் தீனி இல்லாமலும் தாங்கும். நலிந்த குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் பசியைவிட நீரிழப்புதான். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சர்க்கரை கலந்து, அலகின் நுனியை மட்டும் நனையுங்கள். அது தானாகக் குடிக்கட்டும். வாயைத் திறந்து ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும். அதில் கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் குஞ்சு விழுந்து மூழ்காது. தட்டைத் தினமும் கழுவி நீரை மாற்றுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. அது முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். கோழியின் தண்ணீர்த் தட்டும் அதற்கு விலக்கல்ல.

சில குஞ்சுகளுக்குக் கழிவு காய்ந்து பின்துளையை அடைத்துக்கொள்ளும். பார்க்கச் சிறிய விஷயம், ஆனால் கவனிக்காமல் விட்டால் குஞ்சு இறந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, அது இளகும் வரை ஒற்றியெடுங்கள். பிய்த்தால் தோல் கிழியும். பிறகு ஈரம் போகத் துடைத்து மீண்டும் சூட்டில் விடுங்கள். வயிற்றுப் பக்கத்தில் தொப்புளில் காய்ந்த நூல் போல ஒன்று தொங்கினால் அதை இழுக்காதீர்கள். அது தானாக விழும்.

கழிச்சலில் வேறுபாடு உண்டு

மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சு இரத்தம் கலந்து கழிந்தால், பெரும்பாலும் அது குடலில் வளரும் ஒட்டுண்ணியால் வரும் இரத்தக்கழிச்சல். கழிவோடு வெளியேறும் இந்த ஒட்டுண்ணி ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைந்துவிடும். நம் பருவநிலைக்கு இந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதனால்தான் தரையை உலர்வாக வைப்பதும் கழிவைத் தினமும் அகற்றுவதும் மருந்துக்குச் சமம். கால்நடை மருத்துவர் இதற்கு அம்ப்ரோலியம் போன்ற மருந்தைக் குடிநீரில் கலக்கச் சொல்லலாம். அம்ப்ரோலியம் ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுத்தே வேலை செய்கிறது. ஆகவே அதே நேரத்தில் வைட்டமின் கலவையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து பலனளிக்காமல் போகலாம். கோழிக்கு வரும் இந்த ஒட்டுண்ணி மனிதரைத் தாக்குவதில்லை.

வெள்ளை அல்லது பச்சை நிறக் கழிச்சலுடன் கழுத்து முறுக்கிக்கொண்டு, கால் இழுத்துக்கொண்டால் அது வேறு. மலாயில் 'சம்பார் ஆயாம்' என்றும் தமிழில் வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் நியூகாசல் நோயாக இருக்கலாம். இது கிருமியால் வருவது, குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய் வருமுன் போடும் தடுப்பு மருந்து மட்டுமே காக்கும்.

மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சிறிதளவு தீனியில் கலப்பதால் தீங்கில்லை. ஆனால் அதை நம்பிக் காத்திருப்பது தவறு. அதைவிடப் பெரிய தவறு, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது. அளவு தெரியாமல் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும். அவை கோழியிடமே தங்கிவிடுவதில்லை. இந்த அச்சத்தால்தான் மலேசியா 2019 ஜனவரி முதல் கால்நடை வளர்ப்பில் கொலிஸ்டின் மருந்தைத் தடை செய்தது. மனிதருக்கு வேறு மருந்து எதுவும் பலிக்காதபோது மருத்துவர்கள் கடைசியாக நாடும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

யார் தொடலாம்?

குஞ்சைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெரியவர் ஒருவர் மட்டும் ஏற்பது நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர், புற்றுநோய் சிகிச்சை போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடாமல் இருக்க வேண்டும். காரணம் சால்மொனெல்லா என்னும் கிருமி. துள்ளித் திரியும் ஆரோக்கியமான குஞ்சின் கழிவிலும் அது இருக்கலாம். கழிவிலிருந்து இறகுக்கும், இறகிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து வாய்க்கும் வந்து சேரும். தொற்றிய 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு தொடங்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும். கைக்குழந்தைக்கு அது இரத்தத்தில் பரவி மருத்துவமனை வரை கொண்டுபோய்விடலாம்.

பெட்டியை அடுப்படியிலோ சாப்பிடும் இடத்திலோ வைக்க வேண்டாம். தண்ணீர்த் தட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவ வேண்டாம், வெளியே கழுவுங்கள். குஞ்சை முத்தமிட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். பிள்ளை "கழுவிட்டேன்மா" என்று சொன்னால் மட்டும் போதாது, கூடவே நின்று பாருங்கள்.

பராமரிப்பை நிறுத்த வேண்டிய நேரம்

ஒரு குஞ்சு நோயுறுவது வேறு. ஓரிரு நாட்களில் பல கோழிகள் அடுத்தடுத்து இறப்பது, தலை வீங்குவது, கொண்டை நீலம் பாய்வது வேறு. அப்போது பராமரிப்பை நிறுத்துங்கள், எதையும் தொடாதீர்கள், மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்.

நம் நாட்டில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதலில் 2004 ஆகஸ்டில், கிளந்தான் தும்பாட்டில், வீட்டைச் சுற்றி வளர்க்கப்பட்ட கம்பத்துக் கோழிகளில் கண்டறியப்பட்டது. 2007 ஜூனில் சிலாங்கூர் சுங்கை பூலோவில் கண்டறியப்பட்டபோதும் அப்படித்தான். இரண்டு முறையும் மனிதருக்குத் தொற்றியதாக உறுதி செய்யப்படவில்லை. கம்போடியாவில் 2023 பிப்ரவரியில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இந்நோயால் இறந்தாள். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் இதை நம்மோடு தொடர்பில்லாத செய்தி என்று தள்ளிவிட வேண்டாம்.

சாகப்போகிறது என்று தெரிந்த கோழியை அறுத்துச் சமைக்காதீர்கள். நன்கு வெந்த இறைச்சியில் கிருமி இருக்காது என்பது உண்மை. ஆனால் அறுப்பதிலும் இறகு பறிப்பதிலும் குடல் எடுப்பதிலும்தான் தொற்று நிகழ்கிறது. நோயுற்றவற்றை விற்கவோ அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவோ கூடாது. இறந்ததை ஆற்றிலோ கால்வாயிலோ வீசக்கூடாது. பல கோழிகள் இறந்திருந்தால் அதிகாரிகள் வரும் வரை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளையும் பூனை, நாயையும் விலக்கி வையுங்கள். ஒற்றைக் குஞ்சு இறந்திருந்தால் கையுறையும் முகக்கவரியும் அணிந்து, பையில் கட்டி, கிணற்றுக்கும் நீரோடைக்கும் தொலைவில், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நோயுற்ற அல்லது இறந்த கோழியைத் தொட்டவர்கள் அடுத்த 10 நாட்களுக்குத் தங்கள் உடல்நிலையைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், கண் சிவத்தல் ஏதேனும் தோன்றினால் முகக்கவரி அணிந்து அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். பதிவு முகப்பிலேயே, "வீட்டில் கோழிகள் இறந்தன, நான் தொட்டேன்" என்று சொல்லுங்கள். எந்த நாளில் தொட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பலர் கூச்சத்தால் இதைச் சொல்வதில்லை. நீங்கள் சொல்லாவிட்டால், மருத்துவர் அதைச் சாதாரணக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.