குளிரும் எறிதட்டும்

வட அமெரிக்காவிலும் பின்லாந்திலும் பெரிதும் ஆடப்படும் தட்டுக் கோல்ப் ஆட்டத்திற் பந்துக்குப் பதிலாகப் பிளாத்திக்குத் தட்டொன்று சங்கிலிக் கூடையை நோக்கி எறியப்படும். இதற்கென 1976ஆம் ஆண்டில் எட் ஹெட்றிக் என்னும் அமெரிக்கர் ஒரு சங்கத்தை நிறுவினார். பனிக்காலத்தும் இவ்வாட்டம் ஓய்வதில்லை. அக்காலத்தில் தட்டு நெளிந்து நிற்பது எதனாலெனின், கூறுதும்.

உருகிய பல்பகுதியத்தை அச்சினுட் செலுத்தி எறிதட்டு ஆக்கப்படுகின்றது. பல்பகுதியத்தின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் வெப்பத்தில் எளிதில் அசையும். குளிரில் அவ்வசைவு ஒடுங்கும். ஆகலின், பையில் நெருக்குண்டு வளைந்த தட்டு வெம்மையில் விரைவாகத் தன்னிலை எய்தும். குளிரிலோ அவ்வளைவு நெடுநேரம் நிலைக்கும். குளிர் வளைப்பதன்று, வளைவைக் காப்பதே என்க. பொலிபுரொப்பிலீன் போன்றவை 0 பாகை செல்சியசுக்கு அண்மையில் நொறுங்குந் தன்மையும் அடைவதால், மரத்தில் மோதிய தட்டு வெடித்தலும் உண்டு.

விளிம்பு சிறிதே சாயினும் காற்றின் தாக்கம் மாறும். நேரே செல்லவேண்டிய தட்டு பக்கஞ் சாயும்.

இதற்குப் பரிகாரம் எளிது. கொதியாத சுடுநீரில் தட்டைச் சிறிது நேரம் அமிழ்த்தி, இளகியபின் சமதளத்தில் வைத்து விளிம்பை ஒழுங்குசெய்து, அந்நிலையிலேயே குளிர்நீரில் ஆறவிடல் வேண்டும். வெப்பம் சங்கிலிகளின் இறுக்கத்தைத் தளர்த்த, குளிர்ச்சி புதிய நிலையை உறுதியாக்குகின்றது. சூடு மிகின் தட்டின் இயல்பான குவிவும் அழியும்.

எனினும், பறக்கும் இயல்பை மாற்றுமாறு தட்டைத் திருத்தலைப் போட்டி விதிகள் தடுக்கின்றன. பழைய வடிவை மீட்டலோடு கை நின்றுவிடல் வேண்டும். நெளிவைக் காத்த குளிரே நேராக்கவும் துணையாதல் ஈண்டு நோக்கற்பாலது.